மெட்ராஸ் விமானத்தில் இறங்கியவர்

"என் வீட்டுக்காரர் திருடலைன்னு நான் சொல்லப்போறதில்லை," என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. "எந்தப் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்லுவா. நீங்க நம்பமாட்டீங்க. திருடினது யாருன்னு சொல்றேன், அதையாவது நம்புங்க."

தங்கம் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக முதலில் அழுவார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்கள். இவள் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறாளே!

"சொல்லுங்கம்மா. யாரு?" என்றார் துப்பறிவாளர் தனசேகரன்.

"கடை முதலாளி. மாணிக்கம்."

தனசேகரன் ஒரு கிராம்பை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். போலீஸ் வேலையை விட்ட வாரத்திலேயே சிகரெட்டையும் விட்டவர் அவர். அன்றிலிருந்து கிராம்பு. இரண்டில் எதை விட்டது கஷ்டமாக இருந்தது என்று தங்கம் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பதில்தான் வரவில்லை.

"நீங்க வேலாயுதத்தோட சம்சாரம். ரத்தினம்மா. சரியா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"சிராங்கூன் ரோட்டுல நேத்துலேருந்து வேற பேச்சே இல்லையேம்மா," என்றாள் தங்கம். "கல்யாணப் பொண்ணோட நகையெல்லாம் மெருகு போட வந்துச்சு, பெட்டியில வச்சுப் பூட்டினாங்க, பூட்டு பூட்டின மாதிரியே இருக்க நகை மட்டும் போயிடுச்சு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு உங்க வீட்டுக்காரர்கிட்ட."

"இன்னொண்ணு முதலாளிகிட்ட," என்றாள் ரத்தினம்மா.

"முதலாளி மெட்ராஸ்ல இருந்தாரே?"

"அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. மாத்தா போலீஸ்காரனும் அதைத்தான் சொல்லி எங்க வீட்டுக்காரரை இழுத்துக்கிட்டுப் போனான். பதினோரு வருஷமா அந்தக் கடையைத் திறந்து மூடுறவருங்க அவர். பெட்டி காலியா இருக்குன்னு முதல்ல கத்தினவரே அவர்தான். திருடினவன் கத்துவானா?"

"கெட்டிக்காரத் திருடன் கத்துவான்," என்றார் தனசேகரன்.

"அவர் கெட்டிக்காரர் இல்லைங்க. நான் கட்டிக்கிட்டவளாச்சே, எனக்குத் தெரியாதா?"

தங்கத்துக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்துறாங்க." அதுவரை கட்டிப்போட்டிருந்த குரல் அப்போதுதான் சற்று அவிழ்ந்தது. "அவருக்கு இங்கே பிரஜா உரிமை கிடையாது. எழுதிப் போடுங்க, எழுதிப் போடுங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிட்டார். இப்ப குத்தம்னு ஆயிட்டா ஜெயில்ல போட்டுட்டு, அப்புறம் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். நான் பொறந்தது இங்கே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில. எனக்கு நாகப்பட்டினம் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் அவர் பின்னாடி கப்பல் ஏறுறதா, இங்கேயே நிக்கிறதா? அதைச் சொல்லுங்க."

தங்கம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரத்தினம்மா குடிக்கவில்லை.

"போய் உங்க பிள்ளைங்களுக்குச் சோறு போடுங்கம்மா," என்றார் தனசேகரன். "ரெண்டரை மணிக்கு மாணிக்கம் கடைக்கு எதிர்ச்சாரியில வந்து நில்லுங்க. உள்ளே வரவேண்டாம்."

அவள் படியிறங்கிப் போனதும் தங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டரைக்கு வரச்சொல்லிட்டீங்க. அதுக்குள்ளே என்ன சார் கிடைக்கப்போகுது?"

"தெரியாது. அதான் வரச்சொன்னேன். நேரம் குறிச்சாத்தான் எனக்கு மூளை ஓடும். சுந்தரத்துக்குப் போன் போடு."

இன்ஸ்பெக்டர் சுந்தரம் தனசேகரனோடு ஒன்றாக வேலை பார்த்தவர். குரல் கனமானது, தள்ளி நின்ற தங்கத்துக்கே கேட்டது.

"தனா, அந்த நகைக்கடை விஷயம்தானே? விட்டுடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைக்குள்ளே வெளிச்சம் தெரிஞ்சுதுன்னு பக்கத்துக் கடைக் காவக்கார ஜாகா சொல்றான். அந்த நேரத்துல மாணிக்கம் மெட்ராஸ்ல. அவர் வந்த பிளேனே அங்கேருந்து நடுராத்திரி பன்னிரண்டரைக்குத்தான் கிளம்பியிருக்கு. திங்கட்கிழமை காலையில ஒன்பதரைக்கு பாய லேபார் ஏர்போர்ட்டுல இறங்கியிருக்கு. விமானக் கம்பெனியைக் கேட்டேன், ஆமா, அந்தப் பிளேன்ல இறங்கினார்னு சொல்லிட்டாங்க. நாற்பது பேர் மாலையோட போய்ப் பார்த்திருக்காங்க. இன்னும் என்ன வேணும்?"

"மெட்ராஸுக்குப் போனப்ப எப்படிப் போனார்?"

"கப்பல்ல. ரெண்டு மாசம் முன்னாடி. திரும்பி வர்றதுக்குத்தான் பிளேன். முதல் தடவையாம். அதான் அந்த ஆர்ப்பாட்டம்."

தனசேகரன் போனை வைத்துவிட்டுக் கிராம்பை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார்.

"முதல் தடவை பிளேன் ஏறுறவன், எந்தப் பிளேன்ல எத்தனை மணிக்கு வர்றேன்னு முன்கூட்டியே நாற்பது பேருக்குச் சொல்லி வரவழைச்சிருக்கான்."

"பெருமை சார். எங்க பெரியம்மா மகன் மலாக்காவுக்கு பஸ்ல போனதுக்கே பத்துப் பேர் வழியனுப்பப் போனோம்."

"பெருமையாவும் இருக்கலாம். சாட்சியாவும் இருக்கலாம். அவரை ஏர்போர்ட்டுலேருந்து கூட்டிக்கிட்டு வந்தது யாரு?"

தங்கத்துக்கு அது தெரியும். சிராங்கூன் ரோட்டில் யார் எந்த டாக்ஸியில் போகிறார்கள் என்பது தெரியாமல் அங்கே யாரும் குடியிருக்க முடியாது.

"நாகூர் கனி பாய்."

*

லாவெண்டர் ஸ்ட்ரீட் முனையில், கோப்பிக் கடையை ஒட்டி, மஞ்சள் கூரை டாக்ஸியில் கதவைத் திறந்துபோட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் நாகூர் கனி.

"வாங்க தங்கச்சி. இன்னிக்கு யாரைப் பிடிக்கப்போறீங்க?"

"உங்களைத்தான் பாய். ஒரே ரோட்டுல ரெண்டு தடவை சுத்திட்டு மீட்டர் தப்புன்னு சொல்றீங்களாமே."

"அது சீனன் சொல்ற புகாரு. தமிழங்க யாரும் சொல்லமாட்டாங்க லா. அவங்கதான் மீட்டரையே பார்க்காம பேரம் பேசுவாங்களே!"

மூவரும் கடை மேசையில் உட்கார, தனசேகரன் மூன்று கோப்பி சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் கனி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கதை சொல்வதென்றால் அவருக்கு முதலில் தொப்பி நேராக இருக்கவேண்டும்.

"பெரிய கூட்டம் சார் நேத்து. ரோஜா மாலை, சம்பங்கி மாலை, எல்லாம். ஐயா படியில இறங்குறார், கல்யாண மாப்பிள்ளை கணக்கா. அந்த நேரம் பார்த்துக் கடையிலேருந்து ஒருத்தன் சைக்கிள்ல மூச்சு வாங்க ஓடி வர்றான். நகை எல்லாம் போச்சுன்னு. கூட்டமே ஐயோன்னுச்சு."

"மாணிக்கம்?"

"அவரும் ஐயோன்னார். அவர் சம்சாரம், மத்த ஆளுங்க எல்லாம் வேன்ல ஏறி நேரா கடைக்குப் போயிட்டாங்க. இவர் மட்டும் என் வண்டியில தனியா வர்றேன்னுட்டார். தலை சுத்துதாம். ஒன்பது மணி நேரம் ஆகாசத்துல தொங்கிட்டு வந்தேன் கனின்னு சொன்னார்."

தங்கம் கோப்பிக் குவளையை டக்கென்று வைத்தாள்.

"மாட்டிக்கிட்டார்!"

"யாரும்மா?" என்றார் கனி.

"ஒன்பது மணி நேரம்னு சொன்னாரா? பன்னிரண்டரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு வந்தா பார்க்கிறதுக்கு ஒன்பதுதான். ஆனா மெட்ராஸ் மணி நம்ம மணிக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடி. அங்கே பன்னிரண்டரைன்னா இங்கே ரெண்டரை. அப்ப பறந்தது ஏழு மணி நேரம்தான். பிளேன்ல உட்கார்ந்து வந்தவருக்கு இது தெரியாதா? இவர் கம்பெனிக்காரன் அச்சடிச்சுக் கொடுத்ததைப் பார்த்துக் கழிச்சிருக்கார். சார், ஆள் மாட்டிக்கிட்டார்!"

தனசேகரன் கோப்பியை ஊதிக் குடித்தார்.

"எங்க மாமா ஒருத்தர் போன வருஷம் நிஜமாவே அதே மாதிரிப் பிளேன்ல வந்தார். இன்னிக்கும் ஒன்பது மணி நேரம்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியறார். ஏறுறப்ப அங்கே கடியாரம் பார்க்கிறான், இறங்கினதும் இங்கே கடியாரம் பார்க்கிறான். பாதி ஊர் அப்படித்தான் கணக்குப் போடுது. இதைக் கொண்டுபோய் சுந்தரத்துக்கிட்டச் சொன்னா சிரிப்பான்."

தங்கம் குவளையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "கோப்பியாவது சூடா இருக்கு," என்றாள்.

"அப்புறம் கடைக்குக் கொண்டுவந்து விட்டீங்களா பாய்?" என்றார் தனசேகரன்.

"எங்கே சார்? கடைக்குப் போகல. காளியம்மன் கோயிலுக்கு விடுன்னார். வாசல்ல இருபத்தொரு தேங்காய் வாங்கினார். ஒவ்வொண்ணா எடுத்து அடிச்சார் பாருங்க, கைநோவு வந்திருக்கும். ஒரு சில்லு பறந்து வந்து என் முன் டயர்ல செருகிக்கிச்சு. நேத்துப் பஞ்சர் ஒட்டவே எனக்கு அரை நாள் போச்சு."

"நகை கிடைக்கணும்னு வேண்டுதலோ?" என்றாள் தங்கம்.

"நானும் அப்படித்தான் கேட்டேன். நகை கிடைச்சிடும் ஐயா, கவலைப்படாதீங்கன்னு சொன்னேன். அதுக்கு அவர், 'அதுக்கு இல்லை கனி. ராகு காலத்துல கிளம்பிட்டேன். அதான் காலை வைக்கிறப்பவே இப்படி ஆயிடுச்சு. கழிச்சுடணும்'னார். எனக்கு உங்க ராகு காலம் எல்லாம் தெரியாது. தெரிஞ்சவங்க கோவிச்சுக்கக்கூடாதுன்னு ஆமா ஐயான்னு வச்சேன்."

தனசேகரன் கிராம்பை மெல்வதை நிறுத்திவிட்டார். அவர் மெல்வதை நிறுத்தினால் தங்கத்துக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

"தங்கம். ராகு காலம் எப்போ?"

"தினம் ஒரு நேரம் சார். திங்கட்கிழமைன்னா காலையில ஏழரையிலேருந்து ஒன்பது. ஞாயித்துக்கிழமைன்னா சாயங்காலம் நாலரையிலேருந்து ஆறு."

"பிளேன் மெட்ராஸ்ல கிளம்பினது?"

"நடுராத்திரி பன்னிரண்டரை." சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தாள். "நடுராத்திரியில ஏது ராகு காலம்?"

"அதான்."

"இல்லை சார், இருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கே தங்கின இடத்தைவிட்டுக் கிளம்பியிருக்கலாமே? அது ராகு காலம்தானே?"

"யாரு, மாணிக்கமா? கடையில நகையை எடுத்து வாடிக்கைக்காரன் கையில கொடுக்கவே பஞ்சாங்கம் பார்க்கிறவர். நடுராத்திரிப் பிளேனுக்கு ஆறு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் கிளம்பலாம். அப்படி இருக்கிறப்ப அஞ்சு மணிக்குக் காலை வெளியே வைப்பாரா? நேரம் தன் கையில இருக்கிறவன் ராகு காலத்துல கிளம்பமாட்டான். நேரம் அடுத்தவன் கையில இருக்கிறப்பதான் மாட்டுவான்." அவர் கனியைப் பார்த்தார். "பாய், நீங்க ஏர்போர்ட்டுக்குத் தினம் போறவர். அந்த மெட்ராஸ் பிளேன் நேரா இங்கே வருதா?"

"இல்லை லா. கோலாலம்பூர்ல இறங்கி ஏறித்தான் வரும். அங்கேருந்து எட்டரைக்குக் கிளம்பினா இங்கே ஒன்பதரை."

பக்கத்து மேசையில் யாரோ டைகர் பாம் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த வாசனை வந்தது.

"திங்கட்கிழமை எட்டரை," என்றாள் தங்கம், அடிக்குரலில். "சரியான ராகு காலம்."

*

கோப்பிக் கடைப் போனிலிருந்தே சுந்தரத்தைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் கடைக்காரச் சீனன் திரும்பிப் பார்த்தான்.

"தேங்காயை வச்சு ஒரு பெரிய மனுஷனைப் பிடிக்கச் சொல்றியா தனா? கோர்ட்டுல யாரைச் சாட்சி நிறுத்துறது, காளியம்மனையா?"

"கம்பெனியில 'இறங்கினாரா'ன்னு கேட்டே. 'எங்கே ஏறினார்'னு கேளு."

"அது வெள்ளைக்காரன் கம்பெனி. ஒரு தடவை கேட்டு எழுதி மேலே அனுப்பியாச்சு. திரும்பப் போய் நிக்கணும்னா கையில ஏதாவது இருக்கணும். அந்த ஆள் வாயாலேயே ஒரு வார்த்தை வாங்கு, நானே போறேன். இல்லைன்னா நாளைக்குக் காலையில வேலாயுதம் கூண்டுல நிப்பான்."

டாக்ஸியில் ஏறியதும் தங்கம் கேட்டாள்:

"கோலாலம்பூர்ல ஏறினார்னே வச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு இங்கே கடையில நின்ன ஆள், மறுநாள் காலையில எப்படி சார் அங்கே?"

"ராத்திரி மெயில் ரயில் எட்டு மணிக்கு மேலதானே கிளம்புது? விடியறப்ப கோலாலம்பூர். கப்பல்ல மெட்ராஸ் போனவர் கப்பல்லேயே திரும்பியிருக்கார். அது சிங்கப்பூருக்கு வர்றதுக்கு முன்னாடி பினாங்குல நிக்கும், கோலாலம்பூர் பக்கத்துல போர்ட் ஸ்வெட்டன்ஹாம்ல நிக்கும். அங்கேயே இறங்கிட்டார். ஞாயித்துக்கிழமை ஒருத்தருக்கும் தெரியாம உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி வந்து, பெட்டியைத் திறந்து, ரயிலேறிட்டார். மெட்ராஸுக்கும் இங்கேயும் ஆயிரத்து எண்ணூறு மைல் தங்கம். ஐயா பறந்தது கடைசி இருநூறு."

"மாலை மட்டும் முழு மைலுக்கும் வாங்கிக்கிட்டார்," என்றாள் தங்கம்.

*

மாணிக்கத்தின் கடையில் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. காலியான கண்ணாடி அலமாரிகளுக்குப் பின்னால், சந்தனப் பொட்டும் தங்கக் கடிகாரமுமாக அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சாரி நடைபாதையில், துணிக்கடைத் தூணோரமாக ரத்தினம்மா வந்து நிற்பதைத் தங்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

"வாங்க, வாங்க. என்ன கேட்கணுமோ சீக்கிரம் கேட்டுடுங்க," என்றார் மாணிக்கம். "மூணு மணிக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ளே வக்கீல் வீட்டுக்குக் கிளம்பிடணும்."

"அஞ்சு நிமிஷம்தான்," என்றார் தனசேகரன். "பிளேன் பயணம் எப்படி?"

மாணிக்கம் சந்தோஷமாகச் சொன்னார். காது அடைத்ததைச் சொன்னார், பஞ்சு கொடுத்ததைச் சொன்னார், கோலாலம்பூரில் இறக்கிவிட்டுக் கோப்பி கொடுத்ததைச் சொன்னார். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி சரஸ்வதி காப்பித் தட்டோடு வந்து நின்று, கணவன் சொல்வதைக் கோயில் கதை கேட்பதுபோலக் கேட்டாள்.

"வேலாயுதம் இப்படிச் செய்வான்னு நினைக்கவே இல்லை," என்று முடித்தார் மாணிக்கம். "வயிறு எரியுது."

"இருபத்தொரு தேங்காய் எதுக்கு முதலாளி?" என்றாள் தங்கம்.

சரஸ்வதி தட்டோடு கணவன் பக்கம் திரும்பினாள்.

"தேங்காயா?" என்றாள் சரஸ்வதி. "எனக்குச் சொல்லவே இல்லையே?"

மாணிக்கம் தங்கத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கனி சொன்னானா? டிரைவர் வாயில ஒண்ணும் நிக்காது. ஒண்ணுமில்லேம்மா. மெட்ராஸ்ல நல்ல நேரத்துலதான் புறப்பட்டேன். ஆனா பாருங்க, கோலாலம்பூர்ல நின்ன பிளேன் மறுபடி மேலே தூக்குறப்ப மணி எட்டரை. நேத்துத் திங்கட்கிழமை. சரியா ராகு காலம். முதல் தடவை பிளேன்ல உட்கார்ந்தவன், மனசு பதறாதா? அதான் ஒரு வேண்டுதல். தப்பா?"

தேங்காய்க் கதை அவ்வளவுதான், இரண்டாக உடைந்துவிட்டது. எவ்வளவு லேசாக உடைத்துவிட்டார்! தங்கம் தனசேகரனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கிராம்பு மட்டும் கன்னத்தில் அப்படியே நின்றது. தெருவுக்கு அப்பால் ரத்தினம்மா முந்தானையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பில்லை," என்றார் தனசேகரன். எழுந்திருப்பதற்காக நாற்காலிக் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் சரஸ்வதி சிரித்தாள். கலகலவென்று, வெகுநாளாகத் தேடிய ஒன்று கைக்குக் கிடைத்ததுபோல.

"நல்லா வேணும் உங்களுக்கு! என்னை அன்னிக்கு என்ன கேலி பண்ணீங்க!"

"என்னைக்கும்மா?" என்றாள் தங்கம்.

"மூணு வருஷம் முன்னாடிம்மா. எங்க தம்பி கல்யாணத்துக்குக் கப்பல்ல போனோம். பினாங்குல நின்னுட்டுச் சங்கு ஊதிக் கிளம்புறான் பாருங்க, சரியா ராகு காலம். நான் பயந்து அழுதேபுட்டேன். இறங்கிடலாம்னேன். அப்ப இவர் சொல்றார், 'அடி அசடே! நாம நல்ல நேரம் பார்த்துச் சிங்கப்பூர்லேயே கிளம்பியாச்சு. கிளம்புறவனுக்குத்தான் ராகு காலம், நடுவழியில இருக்கிறவனுக்கு ஏது? கப்பல் நிக்கிற துறைமுகத்துக்கெல்லாம் தேங்காய் உடைச்சா அப்புறம் தேங்காய்க்குன்னு தனிக் கப்பல் விடணும்'னு! மேல்தட்டுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. இப்ப பிளேன்ல ஏறினதும் ஐயாவே பயந்துட்டாரா?"

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். கணவனைத் தோற்கடித்த பெருமை முகமெல்லாம் இருந்தது.

"சரசு, நீ உள்ளே போ," என்றார் மாணிக்கம்.

அந்தக் குரலில் அவர் அவளிடம் பேசியதே இல்லை போலும். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. காப்பித் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"இருங்கம்மா," என்றார் தனசேகரன். நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "மாணிக்கம், சட்டம் நீங்க போட்டது. நடுவழியில இருக்கிறவனுக்கு ராகு காலம் கிடையாது. உங்களுக்கு இருந்துச்சு. நகை போச்சுன்னு காதுல விழுந்தும் கடைக்கு ஓடி வராம, அதைக் கழிக்கத்தான் கோயிலுக்கு ஓடினீங்க. 'ராகு காலத்துல கிளம்பிட்டேன்'னுதான் கனிகிட்டச் சொன்னீங்க. ஒரு பொய்யும் சொல்லலை. நீங்க கிளம்பினதே கோலாலம்பூர்லதான்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னதை வச்சு..."

"பேச்சை வச்சு இல்லை. எங்கே ஏறினார்னு கம்பெனியைக் கேட்கச் சுந்தரம் போனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். நான் கூப்பிடணுமா, நீங்களே சொல்றீங்களா?"

மாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் நின்றவளையும் பார்த்தார். சந்தனப் பொட்டின் மேல் வியர்வை ஒரு கோடு இழுத்தது.

"அந்தப் பாழாப்போன ரயில்," என்றார் கடைசியில். "ஜொகூர்ல அரை மணி, குளுவாங்ல அரை மணி நின்னு நின்னு வந்துச்சு. நேரத்துக்கு வந்திருந்தா ஏழரைக்கு முன்னாடியே ஏர்போர்ட் படியில காலை வச்சிருப்பேன். எல்லாம் சரியா நடந்திருக்கும்."

"எந்த ரயிலுங்க?" என்றாள் சரஸ்வதி.

சரஸ்வதி கணவன் எதிரே வந்து நின்றாள்.

"நீங்க பிளேன்லதானே வந்தீங்க? நான்தானே மாலை போட்டேன்? என்ன ரயில்?"

"நகை எங்கே?" என்றார் தனசேகரன்.

"கோலாலம்பூர்ல. தெரிஞ்ச இடத்துல கொடுத்து வச்சிருக்கேன்." மாணிக்கம் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. "கடையை மூடிட்டு ஊரோட போயிடலாம்னு நினைச்சேன். அடையாறுல வீடு பாதி எழும்பி நிக்குது. வெறுங்கையோட போய் என்ன பண்றது?"

"வேலாயுதம் பதினோரு வருஷம் உங்ககிட்ட இருந்தவராச்சே முதலாளி?" என்றாள் தங்கம். "அவர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியாததுபோல இருந்தது. "கோபம் எல்லாம் ஒண்ணுமில்லை. இன்னொரு சாவி அவன்கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதான்."

தங்கம் கடைப் போனை எடுத்து சுந்தரத்தைக் கூப்பிட்டாள்.

"வார்த்தை வாங்கியாச்சு சார். ஒண்ணு கேட்டீங்க, நிறையவே கிடைச்சிருக்கு. வண்டியோட வாங்க. வேலாயுதத்தை எப்ப விடுவீங்க?"

இன்ஸ்பெக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. கம்பெனிக்கும் கோலாலம்பூருக்கும் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் விட்டுவிடுவதாகச் சொன்னார். "கோர்ட்டுக்கு?" என்று தங்கம் கேட்டதற்கு, "அங்கே நிறுத்த வேற ஆள் இருக்காரே," என்றார்.

அவள் போனை வைத்துத் திரும்பினால், சரஸ்வதி அங்கேயே நின்றிருந்தாள். தட்டிலிருந்து காப்பி சொட்டிச் சொட்டிப் புடவைக் கரையை நனைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்று தங்கத்தின் கையைத் தொட்டாள். "நான் பினாங்கு விஷயத்தைச் சொன்னேன் இல்லே... ஒண்ணும் தப்பாச் சொல்லிடலையே?"

தங்கம் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"இல்லைம்மா. இந்தக் கடையில ரெண்டு நாளா நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டியையும் இரண்டு சைக்கிளையும் போகவிட்டு, எதிர்ச்சாரிக்கு நடந்தாள். ரத்தினம்மா தூணைவிட்டு அசையவில்லை. தங்கத்தின் முகத்தில் எதைத் தேடுவது என்று தெரியாமல் கண்ணையும் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இன்னிக்கு இருட்டுறதுக்குள்ளே விட்டுடுவாங்க," என்றாள் தங்கம். "வீட்டுக்குத்தான் வருவார்."

ரத்தினம்மா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று சொல்ல முடியவில்லை.

"அப்ப கப்பல்?"

"கப்பல் அது பாட்டுக்குப் போகும்மா. உங்க வீட்டுக்காரர் அதுல இல்லை."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவள், நடைபாதையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தங்கம் அவரை ஒரு பார்வை பார்த்து உள்ளே அனுப்பிவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல அந்தப் பிரஜா உரிமைக்கு எழுதிப் போடச் சொல்லணும்," என்றாள் ரத்தினம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. "இனிமே அடுத்த வருஷம்னு சொல்லட்டும், நானே கப்பல் ஏத்தி விட்டுடறேன்."

"நான் டைப் அடிச்சுத் தர்றேன்," என்றாள் தங்கம்.